செண்பகவல்லி அக்கா கடல் பார்த்த கதை

உட்காருங்க தம்பி. அந்தச் சேர் வேணாம், அதுல ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க, ஃபேன் காத்து நேரா வரும். ஏ பாண்டியம்மா, காப்பி போடு, சீனி கம்மியா. நம்ம செண்பகவல்லி அக்கா மகன் வந்திருக்காரு. அதான், பாலியில தவறிப்போனாங்கள்ல, அந்த அக்கா. மகன் அமெரிக்காவுல இருக்காருன்னு சொல்லுவேன்ல, அவருதான்.

நீங்க பேர் சொல்ல வேண்டியதே இல்ல. வாசல்ல நின்னப்பவே தெரிஞ்சுபோச்சு. அந்த நெத்தி அப்படியே அக்கா நெத்தி. வருவீங்கன்னும் தெரியும். டூர் கம்பெனி முதலாளி நேத்தே போன் பண்ணிட்டாரு. "வைரவா, அந்தம்மா மகன் கோவில்பட்டியில இருந்து கிளம்பி மதுரைக்கு வர்றான், உன்கிட்ட ஏதாவது கேட்டா தெரியாதுன்னு சொல்லிரு"ன்னாரு. நான் எதுக்குத் தெரியாதுன்னு சொல்லணும்? நான் என்ன களவாணிப்பயலா? அஞ்சு நாள் அக்கா கூடவே இருந்தவன் நான். டூர்ல வந்த அந்த முப்பத்தி நாலு பேர்ல வேற யாருக்கு அவங்களைப் பத்தி என்ன தெரியும்?

கேளுங்க. என்ன வேணாலும் கேளுங்க.

அம்மா கடல்ல எறங்கினாங்களாவா?

இவ்வளவுதானா? இதைக் கேக்கவா இத்தனை தூரம்... சரி, சரி. கோவப்படாதீங்க. சொல்றேன். அதென்ன கவர்ல? செருப்பா? ஆமாமா, நீங்க அங்க இருந்து வாங்கி அனுப்பினது. நீலக் கலரு, ரப்பர் வாரு, கடல் தண்ணியில போட்டுக்கிறது. அக்கா எனக்குக் காட்டியிருக்காங்க. அடியில விலை ஸ்டிக்கர் ஒட்டினபடியே இருக்குங்குறீங்க. ஸ்டிக்கர்ல என்ன தம்பி இருக்கு? இப்பல்லாம் நல்ல பசை வச்சு ஒட்டுறான், ரெண்டு நடை நடந்தாப் போயிருமா? அதை வச்சுக்கிட்டு ஒரு முடிவுக்கு வராதீங்க. நான் முதல்ல இருந்து வர்றேன். அப்பத்தான் உங்களுக்கு விளங்கும்.

நான் பத்தொம்பது வருசமா டூர் சமையல். காசி, பத்ரிநாத்துல ஆரம்பிச்சு சிங்கப்பூர், தாய்லாந்து வரைக்கும் போய் ஆக்கிப் போட்டிருக்கேன். நம்மாளுக ஊர் சுத்தக் கிளம்பிருவாங்க, ஆனா ரெண்டாவது நாள் மத்தியானம் சாம்பார் இல்லைன்னா மூஞ்சி செத்துப்போயிரும். எரிமலையைக் காட்டுங்க, கடலைக் காட்டுங்க, "மாஸ்டர், ரசம் இருக்கா"ன்னுதான் கேப்பாங்க. அதனாலதான் முதலாளி நோட்டீஸ்லயே போடுவாரு: "எரிமலைத் தீவு, கறுப்பு மணல் கடற்கரை, வைரவன் மாஸ்டரின் வீட்டுச் சமையல்." நீங்களும் அதைப் பார்த்துத்தான அம்மாவுக்குச் சீட்டுப் போட்டீங்க? அம்மாவுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காதுன்னு. சரியான முடிவுதான் தம்பி. அதுல உங்க மேல ஒரு தப்பும் இல்ல.

தப்பு எங்கன்னா, கதிரேசன். என்னோட கை ஆளு. பதினோரு வருசமாக் கூட வர்றவன். வெங்காயம் உரிக்கிறதுல இருந்து பாத்திரம் கழுவுறது வரைக்கும் அவன்தான். அவன் பாஸ்போர்ட்டு காலாவதியாக ஆறு மாசத்துக்கு நாலு நாள் கம்மியா இருக்குன்னு ஏர்போர்ட்டுல நிறுத்திட்டாங்க. நாலே நாள்! யாரையாவது குத்தம் சொல்லணும்னா அந்தப் பயலைத்தான் சொல்லணும். அவன் ஒழுங்கா வந்திருந்தா உங்கம்மா இன்னிக்கு... சரி, அதை விடுங்க.

அங்க போய் எறங்கினா ஹோட்டல்காரன் கிச்சன் தரமாட்டேன்னுட்டான். ரூம்லயும் சமைக்கக் கூடாதுன்னு கதவுக்குப் பின்னாடி படம் வரைஞ்சே ஒட்டியிருக்கான். அது எல்லா ஊர்லயும் உள்ளதுதான். எங்களுக்கும் ஒரு வழி இருக்கு. பின்பக்கமா, ஆள் நடமாட்டம் இல்லாத ரூமாப் பார்த்துக் கேட்டு வாங்கிருவோம். நூத்திப் பதினாலாம் நம்பர் ரூம். முன்னாடி இருக்கிற ரூமெல்லாம் கடலைப் பார்த்து இருக்கும், இது சலவைக் கூடத்தைப் பார்த்து இருக்கும். ரெண்டு கரண்ட் அடுப்பு, ஒரு மிக்ஸி, ஒரு பெரிய ரைஸ் குக்கர். வாசனை போகாம இருக்க கதவிடுக்குல ஈரத்துண்டு. கூரையில புகை பட்டாக் கத்துற மிஷின் ஒண்ணு இருக்கும்ல, அதுக்கு ஒரு வேலை பண்ணுவோம். தலை நனையாமக் குளிக்கிறதுக்குன்னு பாத்ரூம்ல ஒரு பிளாஸ்டிக் தொப்பி வச்சிருப்பான். அதை எடுத்து மிஷினுக்கு மாட்டிவிட்டுருவோம். அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும். பத்தொம்பது வருசத்துல ஒரு தடவைகூட நான் சிக்கினது கிடையாது.

முதல் நாள் காலையில முப்பத்தி நாலு பேருக்குப் பொங்கல். தனியாளா நின்னு வெங்காயம் வெட்டிக்கிட்டு இருக்கேன், கதவைத் தட்டுற சத்தம். தொலைஞ்சோம்டா, ஹோட்டல்காரன்தான்னு நினைச்சுத் திறந்தா, அக்கா. குளிச்சு முடிச்சு, திருநீறு வச்சு, நிக்கிறாங்க. அவங்களுக்கும் குரூப்புல வந்த ஒரு டீச்சரம்மாவுக்கும் சேர்த்துப் பக்கத்து ரூம்தான். ஒத்தையா வந்தவங்களுக்கெல்லாம் பின்பக்கம்தான் குடுத்தாங்க.

"வெட்டுற சத்தம் கேட்டுச்சு தம்பி. பழகின கைதான், ஆனா அலுத்துப்போன கை. அதான் என்னன்னு பார்க்க வந்தேன்"னாங்க. என்ன மாதிரிக் காது பாருங்க! சத்தத்தை வச்சே சொல்லிட்டாங்க. உள்ள வந்து என் கையில இருந்த கத்தியை வாங்கினவங்கதான். "முப்பத்தோரு வருசம் சத்துணவுக் கூடத்துல ஆக்கிப்போட்டிருக்கேன். இருநூத்தி நாப்பது பிள்ளைக. முப்பத்தி நாலு பேர் எனக்கு எம்மாத்திரம்?"னாங்க.

நான் வேணாம்னு சொன்னேன் தம்பி. சத்தியமாச் சொன்னேன். "அக்கா, நீங்க சுத்திப் பார்க்க வந்தவங்க, போய் உட்காருங்க"ன்னு ஒரு தடவை சொன்னேன். அவங்க கேக்கல. சிரிச்சுக்கிட்டே, "என் மகன் ஒரு வாரத்துக்கு அடுப்பு இருக்கிற பக்கமே திரும்பக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டு அனுப்பியிருக்கான். அவன்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க"ன்னாங்க. இந்த நிமிசம் வரைக்கும் நான் சொன்னேனா? முதலாளிகிட்டக்கூடச் சொல்லல. வாக்குன்னா வாக்குதான் எனக்கு.

அன்னிக்கு அந்தப் பொங்கலைச் சாப்பிட்டுட்டு குரூப்பே எழுந்திருச்சு நின்னு கை தட்டிருச்சு. மாஸ்டர், மாஸ்டர்னு. அக்கா கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. சந்தோசம்தான் அவங்களுக்கும்.

மறுநாள் நான்தான் போய்க் கதவைத் தட்டினேன். அதை மறைக்கல. ஆனா தட்டச் சொன்னது அவங்கதான். அதாவது, "முடியலைன்னாத் தட்டுங்க"ன்னு சொல்லியிருந்தாங்க. முடியலதான. ஒத்தை ஆளு எத்தனை செய்யிறது?

நீங்க என்னை முறைக்கிறது தெரியுது. அப்படிப் பார்க்காதீங்க. காப்பியைக் குடிங்க, ஆறுது.

எங்க வேலை எப்படின்னா, காலை டிபன் முடிஞ்சதும் மத்தியானச் சாப்பாட்டைக் கட்டி பஸ்ல ஏத்திக்கிட்டு நானும் கூடப் போகணும். போற இடத்துல பரிமாறணும்ல? அப்ப ரூம்ல யாரு இருக்கிறது? ரூமைப் பூட்டிட்டுப் போனா கூட்டிப் பெருக்குறவன் சாவி போட்டுத் திறந்துருவான். உள்ள அடுப்பும் மூட்டையும் பார்த்தான்னா அவ்வளவுதான். எப்பவும் கதிரேசன் உள்ள இருந்து "நோ, நோ"ன்னு சொல்லி அனுப்பிருவான். இந்தத் தடவை அக்கா இருந்தாங்க. அவங்களே சொன்னாங்க, "நீங்க போங்க தம்பி, நான் ராத்திரிச் சமையலுக்கு அரிஞ்சு வைக்கிறேன்"னு. நான் பஸ் ஏறிப் போயிருவேன். மூணு நாளும் அப்படித்தான்.

அப்படி ஒரு நாள் நான் திரும்பி வந்தப்பத்தான் அந்தத் திருச்செந்தூர்க் கதையைச் சொன்னாங்க. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். வருசா வருசம் சொந்தக்காரங்க எல்லாரும் வேன் பிடிச்சுப் போவீங்களாம். எல்லாரும் கடல்ல எறங்கிருவீங்களாம். அக்கா மட்டும் கரையில துணிமூட்டைக்குக் காவல். உங்க அப்பா சட்டை, கைக்கடிகாரம், நாத்தனார் நகை, புளியோதரை வாளி. யாராவது ஒருத்தர் இருக்கணும்ல, அது அவங்க. கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருசத்துல ஒரு தடவைகூட அந்தத் தண்ணியில காலை வச்சதில்லையாம். "என் மகன் சின்னப் பிள்ளையில ஒரு நாள் 'நீ வாம்மா, மூட்டையை யாரும் தூக்க மாட்டாங்க'ன்னு சேலையைப் பிடிச்சு இழுத்தான். அதை மறக்காமத்தான் இங்க அனுப்பியிருக்கான்"னாங்க. நூத்திப் பதினாலாம் நம்பர் ரூம்ல காய் மூட்டைக்கு நடுவுல உட்கார்ந்துக்கிட்டு, "பாருங்க, இங்கயும் மூட்டைக்குக் காவல்தான் நான்"னாங்க. ஆனா சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க தம்பி. வருத்தப்பட்டுச் சொல்லல. எனக்கு ஆள் முகம் பார்க்கத் தெரியும்.

பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லாம இல்ல. சலவைக் கூடத்துல ஒரு பொம்பளை, அந்த ஊர்க்காரி. தினம் காலையில வாசல்ல தென்னங்குருத்துல ஒரு சின்னத் தட்டு செஞ்சு பூவும் சோறும் வச்சு ஊதுபத்தி கொளுத்துவா. அக்கா ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. இவங்க ஒரு வாழைக்காய் பஜ்ஜியை நீட்டுவாங்க, அவ ஒரு பூவை நீட்டுவா. ஒருத்தி பேசுறது ஒருத்திக்குப் புரியாது, ஆனா பேசிக்கிட்டே இருப்பாங்க. அவ மட்டும் மேல போய்ச் சொல்லியிருந்தா நாங்க மாட்டியிருப்போம். சொல்லவே இல்ல. நல்ல பொம்பளை.

நீங்க போன் பண்ணுவீங்கள்ல, தினம் காலையில ஒம்பது மணி வாக்குல? உங்களுக்கு அப்ப அங்க சாயங்காலம் போல. அப்ப நான் சாப்பாடு கட்டிக்கிட்டு இருப்பேன், அதனால எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். வீடியோ வேணாம்பாங்க. "டவர் இல்லடா இங்க." ஒரு கையில போனு, ஒரு கையில பீன்ஸ். "நேத்துப் போனேன்டா. முழங்கால் வரைக்கும் எறங்கினேன். அலை வந்து சேலையெல்லாம் நனைஞ்சுபோச்சு. ஆமாடா, நீ வாங்கிக்குடுத்த செருப்புதான். வழுக்கவே இல்ல, நல்லாக் கவ்விப் பிடிக்குது"ன்னு சொல்லுவாங்க. எனக்குச் சிரிப்பு வந்துரும். போனை வச்சதும், "என்னக்கா, இந்த விடு விடுறீங்க"ம்பேன். "அவன் ஒருத்தன் சந்தோசமா இருந்துட்டுப் போறான்"னுவாங்க. அந்த டீச்சரம்மா எடுத்த படத்தையெல்லாம் வாங்கி உங்களுக்கு அனுப்புவாங்க. நீங்க பார்த்திருப்பீங்களே, ஒரு படத்துலகூட அக்கா இருக்க மாட்டாங்க. ஏன்னு நீங்க கேக்கவே இல்லியா?

சரி. தப்பாச் சொல்லிட்டேன். கண்ணைத் துடைங்க.

நான் ஈரம் இல்லாதவன் இல்ல தம்பி. நாலாவது நாள் அந்தக் கறுப்பு மணல் கடற்கரைக்குப் போனோம். எரிமலை எப்பவோ கக்கினதுதான் அப்படி மண்ணாக் கிடக்குதாம். அடுப்புக்கரியை இடிச்சுக் கொட்டினாப்புல மின்னுது, வெயிலுக்குச் சுடுது, நம்மாளுக காலை வைக்க முடியாமக் குதிச்சுக்கிட்டு ஓடுறாங்க. அக்கா காலையிலேயே கேட்டிருந்தாங்க, "கடல் மண்ணு கறுப்பா இருக்குமாமே, நிசமா?"ன்னு. நான் மறக்கல. அத்தனை பேருக்குப் பரிமாறிட்டு, உளுந்து வாங்கின கவர் ஒண்ணு இருந்துச்சு, அதுல ரெண்டு கை அள்ளிட்டு வந்தேன். யாரு செய்வா இதை? குரூப்புல வந்த எத்தனை பேரு அக்கா வரலையேன்னு ஒரு வார்த்தை கேட்டாங்க? நான் செஞ்சேன்.

குடுத்ததும் சின்னப் பிள்ளையாட்டம் ஆயிட்டாங்க. பெரிய எவர்சில்வர் தாம்பாளத்துல அதைக் கொட்டிப் பரப்பினாங்க. கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, தாம்பாளத்துல ஏறி நின்னாங்க. ரெண்டு காலும் வச்சு. "சுடும்னு சொன்னாங்க, சில்லுன்னு இருக்கே தம்பி"ன்னாங்க. "ஏ.சி. ரூம்ல எப்படிக்கா சுடும்? வெயில்ல கெடந்தாத்தான சுடும்"னேன். கண்ணை மூடிக்கிட்டு நின்னாங்க. நானும் நிக்கட்டும்னு விட்டுட்டேன். ராத்திரி அதே தாம்பாளத்துலதான் சப்பாத்தி வைக்கணும். மண்ணைத் திரும்பக் கவர்ல அள்ளிப் போட்டுட்டு, நல்லாச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் வச்சேன்.

அன்னிக்குத்தான் நானே சொன்னேன். "அக்கா, நாளைக்குக் கடைசி நாள். எங்கயும் பஸ் கிடையாது, எல்லாரும் நம்ம ஹோட்டல் கடற்கரையிலதான் இருப்பாங்க. நீங்க சமையல் பக்கமே வரக் கூடாது. செருப்பை மாட்டிக்கிட்டு நேரா தண்ணிக்குப் போறீங்க"ன்னு. தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணாத குறை. அக்கா சரின்னுட்டாங்க. கடல் எவ்வளவு தூரம்னு நினைக்கிறீங்க? நூத்திப் பதினாலுல இருந்து, சலவைக் கூடத்தைச் சுத்திக்கிட்டுப் போனா இருநூறு அடி. சத்தம் கேக்கும். மிக்ஸியை நிறுத்தினா அலைச் சத்தம் நல்லாவே கேக்கும்.

ஆனா மறுநாள் காலையில டூர் மேனேஜர் சுகுமார் வந்து நிக்கிறான். குரூப்புல ஒரு பேங்க்காரருக்கு அன்னிக்கு அறுபதாவது பிறந்தநாளாம். வடை, பாயாசம் வேணுமாம், பீச்சுலயே வச்சுக் கொண்டாடணுமாம். ஆளுக்கு ரெண்டு வடைன்னாலும் எழுபது வருது. நான் என்ன பண்ணுவேன்? முழிச்சுக்கிட்டு நிக்கிறேன். அக்கா கிளம்பி நிக்கிறாங்க. பழைய வாயில் சேலை ஒண்ணைக் கட்டிக்கிட்டு, நனைஞ்சாலும் பரவாயில்லைன்னு. செருப்புக் கவர் கையில. என் மூஞ்சியைப் பார்த்தாங்க. கவரைக் கட்டில் ஓரமா வச்சாங்க. "மாவை மட்டும் ஆட்டிக் குடுத்துட்டுப் போறேன்"னாங்க.

மாவு ஆட்டினா தட்டணும்ல.

ஒரு முப்பது வடை போட்டிருப்பாங்க. அப்பத்தான் கரண்டியைக் கீழ வச்சுட்டு நெஞ்சைத் தடவினாங்க. "என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு தம்பி"ன்னாங்க. இடது தோள் வேற இழுக்குதுன்னாங்க. வேர்த்து ஊத்துது, ஏ.சி. ரூம்ல. எனக்குத் தெரியாதா? எத்தனை டூர்ல எத்தனை பேருக்குப் பார்த்திருக்கேன். வாயு. உளுந்து மாவுக்குப் பக்கத்துல நின்னாலே சில பேருக்கு வாயு வந்துரும். உடனே இஞ்சியைத் தட்டிப் போட்டு, பெருங்காயத்தைக் கரைச்சு, சுடச்சுடக் குடுத்தேன். குடிச்சாங்க. ஏப்பம் வந்துச்சு. "இப்பப் பரவாயில்ல"ன்னாங்க. பரவாயில்லைன்னு அவங்க வாயாலதான் சொன்னாங்க. மறுபடி கரண்டியை எடுத்தாங்க. நான் பாயாசத்துக்கு முந்திரி வறுத்துக்கிட்டு இருந்தேன்.

எழுபதும் முடிச்சாங்க தம்பி. கடைசி வடையை எண்ணெயில இருந்து எடுத்துப் போட்டுட்டு, அடுப்பை அணைச்சுட்டு, அப்புறம்தான் கட்டில்ல உட்கார்ந்தாங்க. உட்கார்ந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க.

உடனே சுகுமாருக்குப் போன் போட்டேன். உடனே. ஒரு நிமிசம் தாமதிக்கல. அவன் பீச்சுல இருக்கான். "டாக்டரைக் கூப்பிடணும்டா"ன்னேன். "கூப்பிடலாம் மாஸ்டர், ஆனா ரூமைப் பார்த்தான்னா முப்பத்தி நாலு பேரையும் இப்பவே வெளியில தள்ளிருவான், போலீஸ் வரும், உங்க பாஸ்போர்ட்டைப் பிடுங்கிருவான். முதல்ல ரூமைக் காலி பண்ணுங்க. அப்புறம் ரிசப்ஷனுக்குச் சொல்லுங்க"ன்னான். அவன் சொன்னதுலயும் நியாயம் இருக்குல்ல? முப்பத்தி நாலு பேரு. வயசானவங்க. அவங்களை எங்க கொண்டுபோய் வைக்கிறது?

பதினஞ்சு நிமிசம் தம்பி. நீங்க நம்ப மாட்டீங்க. ஒத்தை ஆளு, பதினஞ்சே நிமிசம். ரெண்டு அடுப்பு, குக்கர், மிக்ஸி, எண்ணெய்ச் சட்டி, மூட்டை, எல்லாத்தையும் அந்த டீச்சரம்மா ரூமுக்கு மாத்திட்டேன். தரையைத் துடைச்சேன். ஜன்னலைத் திறந்து, ஊதுபத்தி ஏத்தி, வாசனையைப் போக்கினேன். ஜன்னலோரம் கவருல கெடந்த அந்தக் கறுப்பு மண்ணைக்கூட விடல, டாய்லெட்டுல கொட்டித் தண்ணி விட்டுட்டேன். ஒரு கடுகு தரையில கெடக்கல. அக்கா படுத்தபடி என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. பேச்சு மெதுவாத்தான் வந்துச்சு. "தம்பி... கட்டிலுக்கு அடியில ஜல்லிக்கரண்டி"ன்னாங்க. பாருங்க, நான் பார்க்கல அதை! அவங்கதான் சொன்னாங்க. அந்த நேரத்துலயும் என்ன ஒரு கவனம்!

நடுவுல அந்தச் சலவைக்காரி ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டா. பார்த்ததும் வாயில கை வச்சுக்கிட்டு, யாரையோ கூப்பிட ஓடப் பார்த்தா. நான் ஓடிப்போய் அவ முன்னாடி நின்னு கையெடுத்துக் கும்பிட்டேன். "இரும்மா, இரும்மா, அஞ்சு நிமிசம்"னு. தமிழ் தெரியாட்டியும் கும்பிட்டா யாருக்கும் புரியும்ல. நின்னுட்டா. அங்கேயே நின்னு அழுதுக்கிட்டு இருந்தா.

எல்லாம் முடிச்சுட்டு ரிசப்ஷனுக்குப் போனை எடுக்கும்போதுதான் மேல பார்த்தேன். மிஷின்ல தொப்பி! மறுபடி ஸ்டூலைப் போட்டு ஏறி, அதைக் கழட்டிப் பையில வச்சுட்டுத்தான் சொன்னேன். அதுக்கு ஒரு ரெண்டு நிமிசம்.

ஹோட்டல்காரன் தங்கமானவன், அதைச் சொல்லணும். சொன்ன மூணாவது நிமிசம் ஆள் வந்துட்டாங்க. ஆம்புலன்ஸும் உடனே வந்துருச்சு. நான்தான் கூட ஏறினேன். கடலோர ரோட்டுலதான் வண்டி போச்சு. வலது பக்கம் பூராக் கடல். "அக்கா, கடல் தெரியுது பாருங்க"ன்னு காதுக்கிட்டப் போய்ச் சொன்னேன். சொல்லாம இல்ல தம்பி, ரெண்டு தடவை சொன்னேன். கண்ணு மூடியிருந்துச்சு.

அங்க டாக்டரு ஒரு சின்னப் பொண்ணு. அரை மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்னு சொன்னதா சுகுமார் சொன்னான். டாக்டருங்க எல்லா ஊர்லயும் இதைத்தான் சொல்லுவாங்க. எங்க அப்பாவுக்கும் இதைத்தான் சொன்னாங்க.

வடையை சுகுமார் எடுத்துட்டுப் போய்ப் பரிமாறிட்டான். கேக்கு வெட்டப் போற நேரத்துல யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம்னு நினைச்சிருக்கான். அவனும் என்ன செய்வான்? இந்த ட்ரிப்புலயே அந்த வடைதான் வடைன்னு எல்லாரும் சொன்னாங்களாம். பொய்யில்ல. ஒண்ணுகூட மிஞ்சல.

எனக்கு வருத்தம் இல்லைன்னு நினைக்காதீங்க. ஆஸ்பத்திரி வாசல்ல உட்கார்ந்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். கூடப் பிறந்த அக்கா செத்தப்பக்கூட அப்படி அழுததில்ல. நாலு மாசமாச்சு, இன்னும் ஜல்லிக்கரண்டியைக் கையில எடுத்தா உடனே கீழ வச்சுர்றேன். பாண்டியம்மாவைக் கேளுங்க, ராத்திரியில எழுந்து உட்கார்ந்துக்கிறேன். எதனாலன்னு எனக்கே பிடிபடல. நினைச்சு நினைச்சுப் பார்க்கிறேன், நான் ஒரு தப்பும் பண்ணினதாத் தெரியல. கேட்டாங்க, குடுத்தேன். வந்தாங்க, சேர்த்துக்கிட்டேன். அவங்களை வேத்தாளா நினைக்கல, அதுதான் நான் பண்ணினது.

வேலையை விட முடியுமா? அடுத்த மாசம் மொரீசியஸ். அதுவும் எரிமலைத் தீவுதானாம், ஆனா மண்ணு வெள்ளையா இருக்குமாம். கதிரேசன் பயல் இன்னும் பாஸ்போர்ட்டுக்கு அலையிறான், வந்து சேருவான்னு நம்பிக்கை இல்ல. பரவாயில்ல. லிஸ்ட்டுல தேவகோட்டைப் பக்கம் ஒரு அம்மா பேரு இருக்கு, ஒத்தையா வர்றாங்க. மெஸ் நடத்தினவங்களாம், நல்லாக் கை ஓடுமாம். பார்த்துக்கலாம்.

என்ன தம்பி, எழுந்திருச்சுட்டீங்க? காப்பி அப்படியே இருக்கு. நீங்க கேட்டதுக்கு இன்னும் நான் பதில் சொல்லலியே, உட்காருங்க. கடல்ல எறங்கினாங்களா இல்லியா, அதான? அக்காவே எறங்கினேன்னு உங்ககிட்டச் சொல்லியிருக்காங்க. ஒரு தடவை இல்ல, மூணு நாளும் சொல்லியிருக்காங்க. முழங்கால் வரைக்கும், சேலையெல்லாம் நனைஞ்சுதுன்னு. உங்களைப் பெத்தவங்க சொன்னதை விட்டுட்டு, எங்கேயோ இருக்கிற சமையக்காரன்கிட்ட வந்து கேக்குறீங்களே, இது நல்லாவா இருக்கு? எறங்கினாங்கன்னே வச்சுக்கங்க. யாருக்கு என்ன நட்டம்?

தம்பி, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க. பாண்டியம்மா உலை வச்சுட்டா. தம்பி... போறாரு பாரு, திரும்பிக்கூடப் பார்க்காம. ஏ, அந்தக் கவரை எடு. செருப்பை இங்கயே வச்சுட்டுப் போறாரு. தம்பி! செருப்பை விட்டுட்டுப் போறீங்களே! எடுத்துட்டுப் போங்க தம்பி, புத்தம் புதுசு, ஒரு நாள்கூட கால்ல போடாதது!